ஆபீஸ் நேரம் தெரிந்த பழுது

வெயிலில் வரும் பழுது வெயில் தாழ்ந்ததும் போய்விடும். மழையில் வருவது ஈரம் காய்ந்தால் போகும். எலி கடித்தால் போனது போனதுதான், தானாகத் திரும்பாது. இது எந்த ரகம்? காலையில் இவர் கார் தெருமுனை திரும்பியதும் வருகிறது. சாயங்காலம் கார் வாசலுக்கு வருவதற்குள் சரியாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்ப்பதே இல்லை. வார விடுமுறை எடுத்துக்கொள்கிற பழுதை நான் இதுவரை பார்த்ததில்லை.

இதில் ஒரு வார்த்தையைக்கூட அவள் வெளியே விடவில்லை. பழுது பார்க்கக் கூப்பிட்டிருந்த வீட்டுக்காரர் அவள் தோளுக்குப் பின்னால், கைப்பேசியைச் சாட்சிப் பொருள் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

சோலார் வேலை செய்பவர்கள் மத்தியில் அவளுக்கு டெஸ்டர் என்று பெயர். தொட்ட இடத்தில் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று காட்டிவிடும் சின்ன ஸ்க்ரூ டிரைவரின் பெயர் அது. மற்றவர்கள் கைவிட்ட பழுதுகள் கடைசியில் அவளிடம் வந்து சேரும். இந்த வீட்டுக்கும் கம்பெனி ஏற்கெனவே இரண்டு பேரை அனுப்பியிருந்தது. ஒருவர் வைஃபை குச்சியை மாற்றினார். இன்னொருவர் ரூட்டரையே மாற்றினார். இன்று அவள். பழுதை அப்படியே விட்டுவிட்டு வந்த வீடு என்று ஒன்று அவளுக்கு இருந்ததில்லை. கண்டுபிடிப்பதைவிட, சரிசெய்து முடித்து மூடியைப் போட்டு ஸ்க்ரூவை இறுக்குகிற அந்த நிமிடம்தான் அவளுக்குப் பிடிக்கும். வாழ்க்கையில் வேறு எதையும் அவளால் அப்படி மூட முடிந்ததில்லை.

கூட வந்திருந்தவர் அவள் தங்கையின் கணவர். துணிக்கடை வேலை போனபின் அவளுக்கு ஏணி தூக்க வந்தவர். முறைப்படி மாப்பிள்ளை என்பதால் அவரை ஏவுவதென்றாலும் மரியாதையோடுதான் ஏவவேண்டும். அவரும் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு, பந்தியில் முதல் இலைக்கு வந்தவர் மாதிரிதான் நடப்பார்.

வீட்டுக்காரர் விவரம் சொன்னார். கூரையில் எவ்வளவு உற்பத்தியாகிறது என்பது செயலியில் ஒழுங்காகத் தெரிகிறது. பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரிகிறது. வீடு எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் கோடு மட்டும் பகல் முழுக்க அறுந்துகிடக்கிறது. இத்தனை நாள் சாயங்காலமாவது திரும்பி வந்தது. முந்தாநாளிலிருந்து அதுவும் இல்லை.

"பேட்டரி பாட்டுக்கு இறங்குது. யார் குடிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

"வீட்ல யார் குடிக்கிறாங்கன்னு தெரியாம குடும்பம் நடத்துறது கஷ்டம்தான் சார்" என்றார் மாப்பிள்ளை. வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

அவருக்கு முட்டி தேய்ந்துவிட்டதாம், மாடி ஏறுவதில்லையாம். ஏறாமலே எல்லாவற்றையும் பார்க்கத்தான் இந்தச் செயலி என்றார். பழுது வருவதற்கு முன்பெல்லாம் கோடு கொஞ்சம் உயர்ந்தால் போதும், ஆபீஸிலிருந்தே வீட்டுக்கு ஃபோன் போட்டு இப்போது என்ன ஓடுகிறது என்று கேட்பாராம். இஸ்திரிப் பெட்டி சூடாவதற்கு முன்னாலேயே தனக்குத் தெரிந்துவிடும் என்று சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. சமையலறை வாசலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்ற அவர் மனைவி அந்தப் பேச்சைக் கேட்காததுபோல் விரல் நகத்தைப் பார்த்தாள். ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா அந்த மனைவியைப் பார்த்தாள்.

"நான் இல்லாட்டாலும் அம்மா இருக்காங்க. அவங்க கண்ணுக்குத் தப்பி இங்க ஒண்ணும் நடக்காது."

மருமகளுக்கு மேலே இரண்டு காவல் என்று டெஸ்டர் நினைத்துக்கொண்டாள். ஒன்று கைப்பேசியில், ஒன்று நாற்காலியில்.

ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் அந்தப் பகுதியில் பகல் முழுக்க கரண்ட் இருப்பதில்லை. அக்கம்பக்கத்து வீடுகள் ஜன்னலைத் திறந்துபோட்டுக்கொண்டு சாயங்காலத்துக்காகக் காத்திருந்தன. இந்த ஒரு வீட்டில்தான் மின்விசிறி சுற்றியது. வானமும் மூடிக்கிடந்ததால் கூரை தருவது கொஞ்சம்தான், மீதியைப் பேட்டரி தந்துகொண்டிருந்தது. சோலார்காரர்கள் வருகிறார்கள் என்று வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து பாதிப் பகலில் வீட்டில் சொல்லாமல் கிளம்பி வந்திருந்தார். அவருடைய கார் உள்ளே நுழைந்தபோது மனைவி கையிலிருந்த டம்ளரை வைக்க இடம் தெரியாமல் நின்றதை டெஸ்டர் கவனித்திருந்தாள்.

இன்வெர்ட்டரும் மெயின் பாக்ஸும் கார் நிறுத்துமிடத்தில், வெளிமாடிப்படிக்கு அடியில் இருந்தன. இன்வெர்ட்டர் திரையில் மீட்டரோடு தொடர்பு இல்லை என்ற எச்சரிக்கை மினுங்கியது. அவள் மாப்பிள்ளையைக் கூரைக்கு அனுப்பினாள். பேனல்களில் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவர் பக்கத்தில் இருந்தால் வீட்டுக்காரரிடம் இன்னொரு ஜோக் அடிப்பார்.

"மொத்தத்தையும் ஒரு தடவை அமத்திட்டுப் போட்டுப் பாருங்களேன்" என்றார் வீட்டுக்காரர். "ஃபோன் மாதிரிதானே இதுவும்." சொல்லிக்கொண்டே மெயின் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

"வேண்டாம்."

சொன்னது அவர் மனைவி. அவள் எப்போது அங்கே வந்தாள் என்றுகூடத் தெரியவில்லை. சால்வை ஒரு தோளிலிருந்து நழுவியிருந்தது. கணவர் திரும்பிப் பார்த்ததும் ஃப்ரிட்ஜில் பால் இருக்கிறது, கெட்டுவிடும் என்று முணுமுணுத்தாள்.

சுவிட்சை அமத்திப் போட ஆகும் நேரத்தில் எந்தப் பாலும் கெடாது. பாலுக்காக எந்த முகமும் இப்படி வெளுத்து அவள் பார்த்ததில்லை. இந்த வீட்டில் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாத ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பெயர் இன்னும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பயத்தின் அளவு தெரிந்துவிட்டது.

"அமத்துறது கடைசி வைத்தியம் சார்" என்றாள். "முதல்ல நாடி பார்க்கிறேன்."

அவர் கையை இழுத்துக்கொண்டார். அப்போதுதான் அந்தப் பொத்தான் அவள் கண்ணில் பட்டது. நல்ல நீலநிற முழுக்கைச் சட்டை, கசங்காத இஸ்திரி. மணிக்கட்டுப் பொத்தானை மட்டும் யாரோ பளிச்சென்ற பச்சை நூலால் தைத்திருந்தார்கள். கோட்டில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தால் தாங்காத மனிதர், சொந்தக் கையில் இருப்பதைப் பார்க்கவில்லை. அவள் அதை மனதில் ஒரு ஓரத்தில் போட்டுவைத்தாள். எதற்கு என்று அப்போது தெரியாது.

ஆபீஸிலிருந்து ஃபோன் வந்தது. அவர் பேசிக்கொண்டே உள்ளே போனார்.

மாப்பிள்ளை படி இறங்கி வந்தார். "பேனல் எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு அக்கா, நம்ம வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைவிடச் சுத்தம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா மாடியில ஒரு ரூம் இருக்கு. வெளிய பூட்டியிருக்கு. உள்ள யாரோ குறட்டை விடுறாங்க."

"பூட்டின ரூம்லயா?"

"ஒரே சுருதி அக்கா. உறுமுது, புஸ்ஸுனு விடுது, மறுபடி உறுமுது. மனுஷன் இவ்வளவு ஒழுங்கா குறட்டை விடமாட்டான். உங்க தங்கச்சியைக் கேளுங்க, என்னோடது எப்படி இருக்கும்னு."

மனைவி அங்கேயேதான் நின்றாள். கேட்டிருப்பாள். சால்வையின் நுனி அவள் முஷ்டிக்குள் சுருண்டுகொண்டிருந்தது. டெஸ்டர் அவளை ஒன்றும் கேட்காமல் மெயின் பாக்ஸின் கதவைத் திறந்தாள்.

உள்ளே தூசி ஒரே சீராகப் படிந்திருந்தது. மேல் மூலையில் சிலந்தி வலை. வீட்டுக்குப் போகும் லைனை அளக்கிற சின்ன மீட்டர் நடுவில் உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போவது இரண்டே இரண்டு மெல்லிய வயர், ஒன்று நீலம், ஒன்று பச்சை. வீடு எவ்வளவு இழுக்கிறது என்பதை மீட்டர் இன்வெர்ட்டரிடம் சொல்வது அந்த இரண்டு வயர் வழியாகத்தான். வைஃபையும் ரூட்டரும் அதற்கு அப்புறம் வருகிற சங்கதிகள்.

வேறு எங்கும் அங்குலம் விடாமல் தூசி படிந்திருந்த இடத்தில் அந்த இரண்டு வயர்களைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்கள் மட்டும் மினுமினுத்தன. தலைகளின் பள்ளம் ஓரத்தில் நசுங்கியிருந்தது.

"இது ஸ்க்ரூ டிரைவர் வேலை இல்லை" என்று மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "நகவெட்டியோட அரம். நான் கண்ணாடி ஃப்ரேமை இப்படித்தான் கெடுத்து வெச்சிருக்கேன்."

அவள் டார்ச்சை இன்வெர்ட்டர் பக்கம் திருப்பினாள். அங்கே நீலம் முதல் துளையில், பச்சை இரண்டாவதில். இங்கே மீட்டரில் பச்சை முதல் துளையில், நீலம் இரண்டாவதில். இப்படி மாற்றிச் செருகினால் எதுவும் வெடிக்காது, புகையாது, கருகாது. இரண்டு பெட்டிகளும் ஒன்றோடொன்று பேசாது, அவ்வளவுதான். வந்துபோன இரண்டு பேரும் பேசும் வாயைத்தான் பார்த்தார்கள். அதற்குச் சேதி போய்ச் சேருகிறதா என்று பார்க்கவில்லை.

ஆக, பகல்தோறும் ஒரு கை இந்த வயர்களைக் கழற்றியிருக்கிறது, சாயங்காலம் சரியாக மாட்டியிருக்கிறது. எந்த நிறம் எந்தத் துளை என்று அந்தக் கைக்குத் தெரியும். அப்படியானால் முந்தாநாள் மட்டும் ஏன் தவறியது? பதற்றமாக இருக்கலாம். பதறுகிறவர்கள் ஸ்க்ரூவை முழுக்க இறுக்க மாட்டார்கள். இது நிதானமாக, அழுத்தமாக, தப்பாக இறுக்கப்பட்டிருந்தது.

மனதின் ஓரத்தில் போட்டுவைத்த பொத்தான் தானாக எழுந்து வந்தது.

அவள் மனைவியின் பக்கம் திரும்பினாள். சால்வை, வறண்ட உதடு, நெற்றியில் ஒட்டிய முடி. "முந்தாநாள் காய்ச்சல்ல படுத்திருந்தீங்களா?"

அந்தப் பெண் தலையை மட்டும் அசைத்தாள்.

"அவர் சட்டையில அந்தப் பொத்தானைத் தைச்சது யாரு?"

"அத்தை" என்றாள். "அவங்க கண்ணுக்கு இப்பல்லாம் நீலமும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியுது."

மாப்பிள்ளை மாடி அறை இருந்த பக்கம் அண்ணாந்து பார்த்தார்.

டெஸ்டர் திரும்பினாள். வாசல் வழியே தெரிந்த காவல் நாற்காலி காலியாக இருந்தது. வீட்டுக்காரரின் அம்மா மாடிப்படியின் முதல் படியில் நின்றுகொண்டிருந்தாள், முந்தானை நுனியில் ஒரு சாவி முடிந்திருந்தது. அவள் டெஸ்டரைப் பார்த்த பார்வையில் காவலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. தப்பான வயரை இறுக்கிய அதே அழுத்தம்தான் இருந்தது. முன்னால் ஏறினாள்.

மேலே அந்த அறையை நெருங்க நெருங்க அந்த உறுமல் கேட்டது. பூட்டில் சாவி நுழைந்த சத்தத்தில் அது சட்டென்று நின்றுபோனது.

உடைந்த நாற்காலிகளுக்கும் பழைய பெட்டிகளுக்கும் நடுவே ஒரு மெத்தை. அதில் சுவரோடு சாய்ந்து ஒரு பெண், மூக்கில் மெல்லிய குழாய். அவளுடைய விரல் பக்கத்தில் இருந்த பெட்டியின் சுவிட்சில் இருந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துத் தரும் இயந்திரம். பூட்டுச் சத்தம் கேட்டதும் தன் மூச்சைத் தானே அமத்தியிருக்கிறாள். உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது.

"அண்ணன் வந்துட்டாரா?" என்று கேட்டாள். பாதிதான் குரல்.

அம்மா பாய்ந்துபோய் அந்த விரலை எடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டாள். இயந்திரம் உறுமியது, புஸ்ஸென்று விட்டது. மகளின் தோள் மெல்ல இறங்கியது.

பிறகு அம்மா சொன்னதை டெஸ்டர் துண்டு துண்டாகத்தான் வாங்கிக்கொண்டாள். அண்ணன் பார்த்துவைத்த சம்பந்தத்தை விட்டு வந்தவள். இந்த வாசலில் அவள் கால் பட்டால் தான் இருக்கமாட்டேன் என்று அவர் சொன்னதிலிருந்து அடுத்த தெருவில் ஒரு ஒண்டுக்குடித்தன அறையில் இருக்கிறாள். நுரையீரல் கெட்டது அப்புறம். அந்த அறையில் பகலில் கரண்ட் இல்லை, இயந்திரம் ஓடாது. இந்த வீட்டில் மட்டும்தான் ஓடும். அண்ணன் போனபின் வெளிப்படி வழியாக ஏறி வருவாள், கரண்ட் வந்ததும் இறங்கிப் போய்விடுவாள். இந்த இரண்டு வயர் இல்லையென்றால் வீட்டுச் செலவு தெரியாது என்று சோலார் மாட்ட வந்தவர்கள் பேச்சுவாக்கில் சொன்னதை மருமகள் பிடித்துவைத்துக்கொண்டாள். மருமகள் காய்ச்சலில் விழுந்த அன்று மாமியார் நகவெட்டியை எடுத்தாள்.

"அவர்கிட்ட சொல்லிப் பார்க்கலையா?"

"சொன்னேனே. மூச்சுக்குத் திணறிக் கிடக்கா, பகல்ல மட்டும் வந்து இருக்கட்டும்டானு சொன்னேன். மறுநாள் இந்தப் பூட்டோட வந்து, மாடி ரூமைப் பூட்டியே வைன்னு சாவியைக் கொடுத்தான்." அம்மா சாவியை முந்தானைக்குள் சுருட்டினாள். "அவன் வாங்கின பூட்டாலதான் பெத்த பொண்ணை நானே உள்ள வெச்சுப் பூட்டுறேன். தினமும்."

மகள் கண்ணை மூடியிருந்தாள். கேட்காமல் இருக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுவாக இருக்கலாம்.

"தப்பா மாட்டினது நான்தான்" என்றாள் அம்மா. "மருமக தலையில கட்டிடாதீங்க. எலின்னு சொல்லிடுங்களேன்."

"சொல்லலாம்" என்றார் மாப்பிள்ளை, வாசலில் நின்றபடி. "எலி மறுத்துப் பேசாது." அவர் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

எலி, பல்லி, ஈரம். எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று படி இறங்கும்போது டெஸ்டர் நினைத்தாள். எதைச் சொன்னாலும் அடுத்ததாக அவர் சொல்லப்போவது ஒன்றுதான்: சரி பண்ணுங்கள். சரிபண்ண வேண்டுமென்றால் முதலில் மெயினை அமத்தவேண்டும். மேலே அந்த உறுமல் நிற்கும். பிறகு இரண்டு ஸ்க்ரூ. வயர்கள் இடம் மாறும், பெட்டிகள் பேசும், அவர் உள்ளங்கையில் அறுந்த கோடு திரும்பி வரும். வந்ததுமே மாடி அறையின் அளவுக்கு உயரும். அவர் கேட்பார், இப்போது என்ன ஓடுகிறது?

முடியவில்லை என்று சொல்லிவிடலாம். அதுதான் எளிது. தலைவலி, உடம்பு சரியில்லை, எனக்குத் தெரியாது, என்னால் ஆகவில்லை. வீட்டிலும் வெளியிலும் அவள் தப்பித்ததெல்லாம் இந்தச் சொற்களுக்குள் நுழைந்துதான். முடியவில்லை என்று சொன்னால் அவரே சுவிட்சை அமத்திப் பார்ப்பார். நாளைக்குக் கம்பெனி இன்னொருவரை அனுப்பும், அவர் கண்ணில் இந்த ஸ்க்ரூக்கள் படும். அவள் என்ன சொன்னாலும் மேலே இருப்பவளுக்கு ஒரு பகலுக்கு மேல் வாங்கித் தர முடியாது. ஒரு பகல் என்பது எத்தனை மூச்சு என்று அவள் மனம் எண்ணப் பார்த்து, பயந்து நிறுத்திக்கொண்டது.

வீட்டுக்காரர் ஃபோனை முடித்துவிட்டு மெயின் பாக்ஸ் அருகே காத்திருந்தார். மனைவி தூணோடு ஒட்டி நின்றாள். அம்மா கடைசிப் படியில் நின்றுவிட்டாள்.

"என்ன, கண்டுபிடிச்சீங்களா?"

"கண்டுபிடிச்சுட்டேன் சார்."

அவர் முகம் மலர்ந்தது. டெஸ்டர் என்று சும்மாவா பெயர் வைத்திருக்கிறார்கள் என்றார். சரிபண்ண எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார்.

"ரெண்டு ஸ்க்ரூதான்."

"அப்ப பண்ணிடுங்க. மெயினை நான் அமத்துறேன்." கை நீண்டது. மணிக்கட்டில் பச்சை நூல்.

கை போய்ச் சேருவதற்குள் ஏணி வந்துவிட்டது. மாப்பிள்ளை அதைப் பெட்டியின் கதவோடு சேர்த்துச் சாய்த்தார், கீழ்ப்படியில் உட்கார்ந்தார், கால்மேல் கால் போட்டுக்கொண்டார். "மாடி ஏறி இறங்கினதுல மூச்சு வாங்குது சார்" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

வீட்டுக்காரர் அவரையும் டெஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன இது? உங்களால முடியாதா?"

அவள் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். திறந்திருக்கும் மூடியை விட்டுவிட்டு ஒரு வீட்டிலிருந்து கிளம்புவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"முடியும் சார்" என்றாள். "பண்ண மாட்டேன்."